நான்கு டிக்கெட், ஐந்து பேர்

குழு: கீழவீதி வீடு
வெள்ளிக்கிழமை

மலர் அக்கா: நாளை இங்கே ஜெர்மனியில், டோர்ட்முண்ட் மைதானத்தில் கால்பந்து ஆட்டம். நான்கு டிக்கெட்தான் கிடைத்தது. இங்கே நாங்கள் ஐந்து பேர். யார் யார் போவது என்று இரவுக்குள் முடிவு செய்யுங்கள்.

சித்தப்பா: என்ன விலை?

மலர் அக்கா: சொன்னால் அப்பா வர மாட்டார்.

பெரியப்பா: நான் வருகிறேன். அந்த மைதானம் 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. லீக் ஆட்டம் என்றால் 81,365 பேர் கொள்ளும். தெற்குப் பக்கம் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள். ‘மஞ்சள் சுவர்’ என்று பெயர். நமக்கு உட்காரும் இடம்தான். ஆட்டம் அங்கே பிற்பகல் 3.30, தஞ்சாவூரில் அப்போது இரவு 7. ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் சுற்றுவட்டார ரயிலுக்குத் தனிக் காசு கிடையாது. ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். ஆகவே சரோஜா அந்தக் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

சரோஜா அத்தை: அப்படியானால் நான் வருகிறேனா?

பெரியப்பா: பேச்சுக்குச் சொன்னேன்.

சித்தி: நாளை புரட்டாசி சனிக்கிழமை. யாருக்காவது நினைவிருக்கிறதா?

பெரியம்மா: இவர் விரதம். அங்கே பன்றி இறைச்சிதான் சுட்டு விற்பார்களாம்.

அத்தான்: உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். பிரெட்செல் என்ற முறுக்கு ரொட்டியும் உண்டு.

நான்: பீர்?

பெரியப்பா: இந்தக் குழுவில் அந்தப் பேச்சு வேண்டாம். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சித்தப்பா: சிங்கப்பூரில் நடந்ததை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை அண்ணா.

பெரியம்மா: என்ன நடந்தது?

பெரியப்பா: இங்கே சிக்னல் சரியில்லை.

சித்தப்பா: சரோஜா அக்காவை அங்கே ஹம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கு அனுப்பிவிடலாமே. ஐந்து நான்காகிவிடும்.

பெரியப்பா: நல்ல யோசனை. இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கோயில். 2002இல் குடமுழுக்கு. ராஜகோபுரம் 17 மீட்டர். ஹம் வரை ரயில், பிறகு பஸ். சரோஜாவுக்கு மனம் நிறைந்துவிடும்.

சித்தி: பெருமாளுக்கு உகந்த நாளில் அம்மன் கோயிலா?

பெரியப்பா: அண்ணன் தங்கைதானே அம்மா.

சரோஜா அத்தை: அண்ணன் போகும் இடத்துக்குத் தங்கை போகக் கூடாதா?

நான்: 😂

மலர் அக்கா: அத்தை, உங்களுக்குக் கால்பந்து பிடிக்குமா?

சரோஜா அத்தை: 1986 ஜூன் 29, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இரவு 11.30க்கு ஆரம்பித்தார்கள். கூடம் நிறைய ஆண்கள். மரடோனாவைப் பார்க்க வேண்டுமென்று நானும் தூண் ஓரம் விழித்திருந்தேன். அர்ஜென்டினா இரண்டு கோல் போட்டது. ஜெர்மனிக்காரர்கள் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். உடனே அண்ணா, “சரோஜா, எல்லாருக்கும் காபி” என்றார். பதினோரு டம்ளர். பால் பொங்குகிறது, கூடத்தில் கூச்சல். 84ஆவது நிமிடம், அர்ஜென்டினாவின் புருச்சாகா கோல். நான் தட்டோடு வந்தபோது எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா: திரும்பப் போட்டுக் காட்டினார்களே அக்கா.

சரோஜா அத்தை: அப்போது டிவியை மறைத்துக்கொண்டு ஆடியது நீதான்.

சித்தி: அந்த டிவி இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டாள்.

பெரியப்பா: பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான்காம் பக்கம் பார்க்கவும்.

சித்தி: டிவி எழுதியிருக்கிறது. ஸ்டெபிலைசர் எழுதவில்லை.

மலர் அக்கா: டிக்கெட்!!!

பெரியம்மா: நான் வரவில்லை. எண்பதாயிரம் பேர் கத்தினால் என் தலை தாங்காது.

பெரியப்பா: அப்படியானால் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்?

பெரியம்மா: சரோஜா கொடுப்பாள். காபியே கொடுத்தவள்.

சரோஜா அத்தை: குளிருக்கு நீலச் சால்வை எடுத்து வைத்துவிட்டேன்.

அத்தான்: ஐயோ, நீலம் வேண்டாம். அது பக்கத்து ஊர் அணியான ஷால்கேயின் நிறம். இந்த இரண்டு ஊருக்கும் ஏழாம் பொருத்தம். மஞ்சளும் கறுப்பும்தான் இங்கே.

சரோஜா அத்தை: சமயபுரத்துக்குக் கட்டிய மஞ்சள் புடவை பெட்டியில் இருக்கிறது.

அத்தான்: அதைக் கட்டிக்கொண்டு வந்தால் டிவியில் காட்டுவார்கள்.

சித்தி: விரத நாளில் சமயபுரத்துப் புடவையோடு பீர் கடை வாசலிலா?

பெரியப்பா: இன்னும் எதுவும் முடிவாகவில்லை. காலையில் ஹம் போய், மதியப் பூசை பார்த்துவிட்டு, அப்படியே மைதானத்துக்கு வர முடியுமா என்று ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோயில் ஊருக்குள் இல்லை, உவென்ட்ரோப் என்ற பகுதியில் இருக்கிறது. ஆகவே பஸ் நேரமும் ஒத்துவர வேண்டும்.

மலர் அக்கா: கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் போகலாம் அப்பா.

பெரியப்பா: ஞாயிறு எப்படிச் சனியாகும்?

நான்: சிங்கப்பூர் கதை என்ன ஆனது?

சித்தப்பா: தனியாகச் சொல்கிறேன்.

பெரியம்மா: குழுவிலேயே சொல்லுங்கள் தம்பி.

சரோஜா அத்தை: மலர், இடைவேளை எவ்வளவு நேரம் விடுவார்கள்?

அத்தான்: 15 நிமிடம்.

சரோஜா அத்தை: போதும். அண்ணா போய் எல்லாருக்கும் காபி வாங்கி வரட்டும்.

பெரியப்பா: முதலில் ரயில் நேரத்தைப் பார்க்கவிடுங்கள்.

சித்தி: ஸ்டெபிலைசருக்கு இன்னும் பதில் வரவில்லை.