மூன்றில் நீசச் செவ்வாய்: தம்பியை விட்டுவிடத்தான் வேண்டுமா?

தக்கலை_அக்கா:
ஜோதிடம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். கொல்லம் 1157 புரட்டாசி, அதாவது 1981, சூரியோதயத்திலிருந்து 42 நாழிகைக்குப் பிறந்தேன் என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார். ரிஷப லக்னம், ரோகிணி நட்சத்திரம், சந்திரன் லக்னத்திலேயே. மூன்றாம் இடமான கடகத்தில் செவ்வாய். குருவும் சனியும் ஐந்தில், கன்னியில்.

எனக்கு ஒரே தம்பி. அப்பா 2024-ல் தவறினார். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த அன்றே வீட்டு விளையை, அதாவது வீட்டோடு சேர்ந்த நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. முப்பது சென்ட், ஒரு ஓட்டு வீடு, பதினான்கு தென்னை. உயில் எதுவும் கிடையாது. "கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு உன் கணக்கு முடிந்தது" என்றான் தம்பி. நானும் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. அம்மா அவனோடு இருக்கிறாள், போனில் மட்டும் பேசுகிறாள்.

போன வாரம் ஒரு ஜோதிடரைப் பார்த்தேன். "சகோதர காரகன் (உடன்பிறப்பைக் குறிக்கும் கிரகம்) செவ்வாய், சகோதர ஸ்தானத்திலேயே நீசம் (பலம் இழந்த நிலை). இந்த உறவு ஒட்டாது, விட்டுவிடுங்கள்" என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

சுசீந்திரம்_பஞ்சாங்கம்:
அக்கா, அவர் பாதி ஜாதகத்தைத்தான் படித்திருக்கிறார். இளைய உடன்பிறப்புக்கு மூன்றாம் இடம், மூத்தவருக்குப் பதினொன்றாம் இடம், இருவருக்கும் பொதுவான காரகன் செவ்வாய். காரகன் தனக்குரிய பாவத்திலேயே (இடத்திலேயே) நின்றால் அந்த இடம் கெடும் என்ற விதியும் உண்டுதான். அவர் சொன்னது அதை வைத்துத்தான்.

ஆனால் கடகத்துக்கு அதிபதி யார்? சந்திரன். உங்களுக்கு அவர் தன் உச்ச ராசியான ரிஷபத்தில், லக்ன கேந்திரத்தில் (பலம் தரும் இடத்தில்) இருக்கிறார். நீசன் நின்ற வீட்டுக்காரன் கேந்திரத்தில் பலமாக இருந்தால் அது நீசபங்கம், அதாவது நீசத்தின் குறை நீங்கும். கன்னியிலிருந்து குருவின் ஒன்பதாம் பார்வை வேறு அந்தச் சந்திரன் மேல் விழுகிறது. மூன்று உபசய ஸ்தானம், அதாவது போகப் போக வளரும் இடம், அங்கே பாவ கிரகம் இருப்பதை நூல்கள் குறையாகச் சொல்வதில்லை. சண்டை வந்த காலத்தையும் பாருங்கள்: குரு தசையில் அதன் உட்பிரிவான செவ்வாய் புத்தி, மொத்தமே 11 மாதம் 6 நாள். அது முடிந்துவிட்டது. இது வந்து போகிற பிணக்கு, முறிவு இல்லை. தம்பியின் ஜாதகத்தில் பதினொன்றையும், இருவருடைய திரேக்காணத்தையும் (ராசியை மூன்றாகப் பிரித்துப் போடும் கட்டம்) பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது.

மார்த்தாண்டம்_வாத்தியார்:
அண்ணாச்சி, உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் இங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஒரே கட்டம். ஒருவர் "ஒட்டாது" என்றார், நீங்கள் "ஒட்டும்" என்கிறீர்கள், இரண்டுக்கும் விதி இருக்கிறது. ஒட்டினால் நீசபங்கம், ஒட்டாவிட்டால் காரக தோஷம். எது நடந்தாலும் பொய்யாகாத விதியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்கலாமா?

செவ்வாய் ஒரு ராசியில் சாதாரணமாக ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். அப்படியானால் 1981-ல் அந்த ஒன்றரை மாதமும் தினமும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் தோவாளையிலும் குளச்சலிலும் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்றில் நீசச் செவ்வாய்தான். அத்தனை பேரும் தம்பி தங்கையோடு முறித்துக்கொண்டார்களா? இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் கிறிஸ்தவர்கள், எங்களில் பெரும்பாலான வீடுகளில் ஜாதகமே எழுதுவதில்லை. வரம்புத் தகராறும் பங்குச் சண்டையும் எங்களுக்கும் அதே அளவுதான். நான் பார்த்த சண்டைகளில் பத்துக்கு ஒன்பது அப்பா கண்ணை மூடிய ஆறு மாதத்துக்குள் தொடங்கியவை.

நாஞ்சில்_பெரியவர்:
வாத்தியார் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடம் ஒரு காலத்தில் மருமக்கள்வழி. காரணவன், அதாவது குடும்பத் தலைவன், சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அப்பா தன் மக்களுக்கு என்று தனியாகக் கொடுப்பது உகந்துடைமை. அந்தக் காலத்து வழக்குகள் மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து மக்கள்வழி ஆன பிறகுதான் அண்ணன் தம்பி வழக்குகள் பெருகின என்று என் அப்பா சொல்வார். சட்டம் மாறியதும் சண்டை போடும் ஆட்கள் மாறிவிட்டார்கள். மூன்றாம் வீடும் செவ்வாயும் அப்போதும் இப்போதும் அதேதான். அப்படியானால் சண்டைக்குக் காரணம் எது?

சுசீந்திரம்_பஞ்சாங்கம்:
ஐயா, நல்ல கேள்வி. இதற்குப் பதில் சாஸ்திரத்திலேயே இருக்கிறது. தேசம், காலம், பாத்திரம் பார்த்துப் பலன் சொல் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கு இரண்டு காரகத்துவம்: சகோதரம் ஒன்று, பூமி இன்னொன்று. நிலமும் உடன்பிறப்பும் ஒரே கிரகத்தின் கையில். மண்ணைத் தொட்டால் கூடப் பிறந்தவன் மேல்தான் போய் இடிக்கும் என்பதை முன்னோர்கள் கண்டு வைத்ததால்தான் அந்த இரண்டையும் சேர்த்து வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். மருமக்கள்வழியில் அது மாமன் மேல் இடித்தது, அவ்வளவுதான்.

வாத்தியார் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "விட்டுவிடு" என்று சொல்ல ஜோதிடருக்கு உரிமை இல்லை. எச்சரிக்கத்தான் உண்டு. அக்கா, ஒரு செவ்வாய்க்கிழமை குமாரகோவிலுக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போங்கள்.

மார்த்தாண்டம்_வாத்தியார்:
முன்னோர்கள் கண்டு வைத்தார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. மண்ணும் கூடப் பிறந்தவனும் சேர்ந்தே வருவது வானத்தைப் பார்க்காமலே தெரிகிற விஷயம். ஆனால் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைத்தான் அக்காவுக்குச் சொல்ல வந்தேன்.

அப்பா உயில் எழுதாமல் போனதால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமபங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டதால் பங்கு போகாது. குடியிருக்கும் வீட்டை மகள் பாகம் கேட்க முடியாது என்று இருந்த 23-ஆம் பிரிவையும் 2005-ல் எடுத்துவிட்டார்கள். இது தம்பிக்குத் தெரியாமல் இருக்கலாம், பயமும் இருக்கலாம். வக்கீல் நோட்டீஸ் மூலம் அவன் காதுக்குப் போவதைவிட உங்கள் வாயால் போகட்டும். உங்கள் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதா, பங்கு கேட்பதா என்பது உங்கள் விருப்பம். எழுதிக் கொடுப்பதென்றாலும் உரிமை இருக்கிறது என்று தெரிந்து கொடுங்கள். கட்டத்துக்குப் பயந்து கொடுக்காதீர்கள்.

தக்கலை_அக்கா:
எல்லாருடையதையும் இரண்டு தடவை படித்தேன். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டு, அதை மறைக்கவில்லை. சந்திரன் நல்ல இடத்தில் இருக்கிறது என்றதும் அழுகை வந்துவிட்டது. ஆனால் வாத்தியார் கேட்டதும் உறைக்கிறது. அந்த ஜோதிடர் சொன்னதும் ஏன் உடனே நம்பினேன்? எனக்கும் போக மனம் இல்லாமல் இருந்திருக்கிறது, "விட்டுவிடு" என்ற சொல் அதற்குத் தோதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தம்பி இருக்க மாட்டான் அண்ணாச்சி. அவன் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை, ஞாயிறுதான் வீட்டில் இருப்பான். செவ்வாய் நான் மட்டும் குமாரகோவில் போய்விட்டு வருகிறேன், ஞாயிறு அவன் வீட்டுக்குப் போகிறேன். விளையைப் பற்றி முதல் நாள் பேசப் போவதில்லை. அடியந்திரத்தன்று சொன்ன வார்த்தைக்கு மட்டும் மன்னிப்பு கேட்பேன். அவனுக்கு மட்டிப் பழம் பிடிக்கும், ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போகிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.