வார்ட்டில நேர்ஸ்மார் எரிஞ்சு விழுறதுக்கு ஆய்வைக் காட்டிச் சாட்டுச் சொல்லலாமோ?

சுன்னாகத்தான்:
இங்க ஆரும் ஆஸ்பத்திரியில நேர்ஸ் ஏசினது எண்டு எழுதினால் உடன கீழ வந்து "வேலைப்பளு, ஆய்வு சொல்லுது" எண்டு நாலு பேர் எழுதுறியள். சரி, அதையே கேக்கிறன். அம்மாவை ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில வச்சிருந்தனாங்கள், எது எண்டு எழுதேல்ல, எழுதினால் நாளைக்கும் அங்கதான் போகவேணும். குளிசை மாத்தினது ஏன் எண்டு கேட்டதுக்கு "டொக்டரைக் கேளுங்கோ, தள்ளி நில்லுங்கோ". அவ்வளவுதான் பதில், முகத்தைக்கூட நிமித்தேல்ல. அதே மேசையில பத்து நிமிசம் கழிச்சு ஆரோ ஸ்ராஃபின்ர சொந்தக்காரர் வந்து கேக்க, ரிக்கெற்றை, அதுதான் நோயாளியின்ர பதிவுக் கடதாசியை, எடுத்துப் பிரிச்சு வடிவா விளங்கப்படுத்தினவ. வேலைப்பளு அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள எங்க போனது?

நைட்டூட்டி:
அண்ணை, நான் நேர்ஸ்தான், அதால பக்கச்சார்பு எண்டே வச்சுக்கொள்ளுங்கோ. தெரிஞ்ச ஆளுக்கு ஒரு குரல், தெரியாத ஆளுக்கு ஒரு குரல் எண்டதுக்கு நான் சாட்டுச் சொல்ல வரேல்ல. ஆனா ஏன் கதை முதல் குறையுது எண்டதை வடிவாப் பாத்திருக்கினம். ஐரோப்பாவில 12 நாட்டில 33,000க்கு மேல நேர்ஸ்மாரிட்ட "கடைசி டியூட்டியில நேரமில்லாமல் எதை விட்டனீங்கள்" எண்டு கேட்டு 2014இல வந்த ஆய்வு, 53 வீதம் பேர் சொன்னது நோயாளியோட கதைக்கிறதையும் ஆறுதல் சொல்லுறதையும் விட்டிட்டம் எண்டு. அதுக்கு அடுத்தது பராமரிப்புத் திட்டம் எழுதுறதும் நோயாளிக்கு விளங்கப்படுத்துறதும், 40 வீதத்துக்குச் சொட்டு மேல. ஊசி விடுபட்டால் விசாரணை வரும், கதை விடுபட்டால் ஒருத்தரும் விசாரிக்க வரமாட்டினம், அப்ப எது முதல் விடுபடும் எண்டு நீங்களே சொல்லுங்கோ. எங்களுக்கு விடிய 7இலயிருந்து 1 மணி, 1இலயிருந்து 7, நைட் எண்டால் பின்னேரம் 7இலயிருந்து விடிய 7 வரைக்கும் முழுசா 12 மணித்தியாலம். கட்டில் நிரம்பி நிலத்தில பாய் போட்டுப் படுத்திருக்கிற வார்ட்டில ரெண்டு பேர் நிண்டு பாருங்கோ.

சுன்னாகத்தான்:
தங்கச்சி, நீங்கள் கதைக்க நேரமில்லை எண்டதைச் சொல்லுறியள், நான் கேக்கிறது தொனியை. "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" எண்டு சொல்லவும் "தள்ளி நில்லுங்கோ" எண்டு சொல்லவும் ஒரே நேரம்தான் எடுக்கும்.

ஈஸ்ற்ஹாம் ரவி:
நான் இங்க லண்டனில ஆஸ்பத்திரி ஒண்டில போர்ட்டர் வேலை, கன வருசமா. உதெல்லாம் தொனிப் பிரச்சினை இல்லை, எண்ணிக்கைப் பிரச்சினை. லிண்டா எய்க்கன் எண்ட நேர்ஸிங் ஆய்வாளர் அம்மா 2002இல அமெரிக்காவில பென்சில்வேனியாவில 168 ஆஸ்பத்திரியை எடுத்துப் பாத்தவ, சத்திரசிகிச்சை நோயாளியள், ஒரு நேர்சுக்கு ஒரு நோயாளி கூடக்கூட 30 நாளுக்குள்ள சாகிற வாய்ப்பு 7 வீதம் கூடுது, நேர்ஸ் மனசளவில களைச்சுப்போறது 23 வீதம் கூடுது. பிறகு 2014இல ஐரோப்பாவில 9 நாட்டில நாலு லட்சத்துக்கு மேல நோயாளியளின்ர பதிவை எடுத்துப் பாத்தவை, அங்கயும் அதே 7 வீதம்தான். கலிபோர்னியாவில 1999இல சட்டம் போட்டு 2004இல நடைமுறைப்படுத்தி சாதாரண வார்ட்டில ஒரு நேர்சுக்கு 6 பேர், அடுத்த வருசம் 5 பேர் எண்டு கட்டிப்போட்டினம். எங்கட ஊரில ஆரும் அப்பிடிச் சட்டம் கேட்டு ஒரு உண்ணாவிரதமாவது இருந்தவையோ?

பனங்காய்ப்பணியாரம்:
ரவி அண்ணை, எண்கள் சரி. ஆனா அதை அப்பிடியே தூக்கிக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில நட ஏலாது. முதல் விசயம், உது ஒரு நேரத்தில எடுத்த படம், ஆள் குறைஞ்ச ஆஸ்பத்திரியில மற்றதுகளும் குறைவாத்தான் இருக்கும், அதுகளைக் கணக்கில கழிச்சுத்தான் பாத்தவை எண்டாலும் முழுக்கக் கழிக்க ஏலாது. ரெண்டாவது இன்னும் பெரிசு. பென்சில்வேனியா வார்ட்டில நோயாளிக்குப் பக்கத்தில மகளோ மருமகளோ பிளாஸ்கோட நிக்கிறேல்ல. எங்கட வார்ட்டில கஞ்சி பருக்கிறது ஆர்? உடம்பு துடைக்கிறது ஆர்? பெட்பான் வைக்கிறது, மூத்திரப்பை நிரம்பினதைப் பாத்துச் சொல்லுறது, துண்டைக் கொண்டு வெளி லாப்புக்கு ஓடுறது, சேலைன் முடியப்போகுது எண்டு மிஸ்ஸியைக் கூப்பிடுறது? துணைக்கு நிக்கிற ஆள். சம்பளமில்லாத நேர்ஸ் அவதான், ஆனா எந்த ரிக்கெற்றிலயும் அவவின்ர வேலை ஒரு வரி எழுதப்படுறேல்ல. ஒரு நேர்சுக்கு எத்தினை நோயாளி எண்டு எண்ணுற ஆய்வு அவவை எண்ணாட்டி இங்கத்தைய நிலவரம் பிடிபடாது. சுன்னாகத்தான் அண்ணைக்குக் கோவம் வந்ததும் அதால எண்டுதான் நினைக்கிறன், அரைவாசி வேலையைச் செய்யிற ஆளைப் பாத்துத்தான் தள்ளி நில்லுங்கோ எண்டு சொல்லுறது.

இன்னொண்டு, கோவிக்காதேங்கோ. இங்க எங்கட பிள்ளையள் செய்யிற ஆய்வு கனக்க "நோயாளி திருப்தி" கேள்விக்கொத்துத்தான். துண்டு வெட்டி வீட்ட போற அண்டைக்கு, மிஸ்ஸி பக்கத்து மேசையில இருக்கேக்க, "சேவை எப்பிடி?" எண்டு கேட்டால் எங்கட சனம் என்ன சொல்லும்? "நல்லம் பிள்ளை, குறை சொல்ல ஏலாது." பிறகு அதுக்கு வட்டப்படம் கீறி வெளியிடுறது.

நைட்டூட்டி:
கேள்விக்கொத்துப் பற்றிச் சொன்னது சரி, நானும் படிக்கேக்க குடுத்தனான், அதில சிரிச்ச முகம் கீறித் தந்தவையும் இருக்கினம்.

ஆனா "தள்ளி நில்லுங்கோ"வுக்கு வாறன். மருந்து குடுக்கிற நேரம் குறுக்க வாறது சின்ன விசயம் இல்லை. சிட்னியில ரெண்டு ஆஸ்பத்திரியில 98 நேர்ஸ்மாருக்குப் பக்கத்தில ஆள் நிண்டு பாத்து 2010இல வெளியிட்டது, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழையள் 12 வீதத்துக்குக் கிட்டக் கூடுது. ஒரு குறுக்கீடும் இல்லாட்டிப் பாரதூரமான பிழை வர வாய்ப்பு 2.3 வீதம், நாலு குறுக்கீடு எண்டால் 4.7. அங்க நாலு. இங்க ஒரு தட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு வரிசைக் கட்டில் முடிக்கிறதுக்குள்ள மிஸ் சேலைன் முடிஞ்சுது, மிஸ் அம்மாக்கு நோகுதாம், மிஸ் ரெலிபோன், மிஸ் மற்ற வார்ட்டில ரொலி கேக்கினம், இதுக்குள்ள அற்றெண்டனும் வந்து ஏதோ சொல்லும். நான் அந்த நேரத்தில நிமிந்து பாக்காதது உங்களை மதிக்காமல் இல்லை, கையில இருக்கிற அளவை மறந்திடுவன் எண்டு.

சுன்னாகத்தான்:
அப்ப எப்ப கேக்கிறது? அதைச் சொல்லுங்கோவன். டொக்டர் ரவுண்ட்ஸ் வர முதல் எங்களை எல்லாம் வெளியில கலைக்கிறியள். ரவுண்ட்ஸ் முடிய டொக்டர் போட்டார். உள்ள வந்து மிஸ்ஸியைக் கேட்டால் டொக்டரைக் கேக்கட்டாம். டொக்டர் நிக்கேக்க நாங்கள் கேற்றுக்கு வெளியில, நாங்கள் நிக்கேக்க டொக்டர் இல்லை. மருந்து குடுக்கிற நேரம் ஒண்டுதான் எங்களுக்கு ஒரு ஆளைக் கட்டிலுக்குப் பக்கத்தில பிடிக்க வாய்க்கிறது. நீங்கள் சொல்லுற சிட்னி ஆய்வில குறுக்க வந்தவைக்குக் கேக்க வேற இடம் இருந்திருக்கும், எங்களுக்கு இல்லை. குறுக்கீட்டை நீங்களே உண்டாக்கிப்போட்டு அதைக் குறை சொல்லுறியள்.

பனங்காய்ப்பணியாரம்:
உது நல்ல அடி.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
பிள்ளையள் சண்டை பிடிக்கிறதைப் பாத்துக்கொண்டிருந்தனான். நான் வார்ட் சிஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனனான். 87 ஒக்டோபர் 21, 22இல இந்திய ஆமி சுட்டதில யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளியளோட சேந்து டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் செத்தவை. அதுக்குப் பிறகும் வேலைக்குப் போனம். கரண்ட் இல்லை, மருந்துக்குத் தடை, ஆளும் இல்லை. எண்டாலும் சனத்தோட கதைச்சனாங்கள். இப்பத்தையப் பிள்ளையளுக்கு எல்லாம் இருக்கு, பொறுமை மட்டும் இல்லை. கதைக்கிறதுக்கு ஆய்வு வேணுமோ?

நைட்டூட்டி:
அன்ரி, உங்களுக்கு முன்னால நான் வாய் திறக்கக்கூடாது, எண்டாலும் திறக்கிறன். அந்தக் காலத்தை எங்களுக்கு அளவுகோலா வைக்கிறது நியாயமில்லை. அண்டைக்கு ஊர் முழுக்க ஒரே துன்பத்தில, நேர்சின்ர வீட்டுக்காரரும் அதே அகதி முகாமில, சனத்துக்கும் அது விளங்கினது. இப்ப என்னோட வேலை செய்தவை 2022இல அரசாங்கம் சம்பளமில்லாத லீவில அஞ்சு வருசம் வரைக்கும் வெளிநாடு போகலாம் எண்டு சுற்றறிக்கை விட்ட பிறகு ஒவ்வொருத்தரா வெளிக்கிட்டிட்டினம், அவையின்ர கட்டில்களும் எங்களுக்குத்தான். நைட் முடிச்சு வீட்ட போனால் பகலில நித்திரை வராது, பிள்ளையை ரியூசனுக்கு ஏத்தவேணும். இரவு வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒண்டு எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு நிலையம் 2007இல வகைப்படுத்தி, 2019இல திரும்பப் பாத்தும் மாத்தேல்ல. நாங்கள் என்னத்தைச் சொன்னாலும் "சேவை மனப்பான்மை" எண்ட ஒரு சொல்லால வாயை மூடிப்போடுவினம்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
வாயை மூடச் சொல்லேல்ல மகள். நான் சிஸ்டரா இருக்கேக்க பின்னேரம் ஒவ்வொரு கட்டிலா ஒருக்கா நடப்பன், அந்த நேரம் சொந்தக்காரர் கேக்கலாம் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதால மருந்து நேரம் ஒருத்தரும் தொந்தரவு செய்யேல்ல. இப்ப சிஸ்டர்மார் ஓஃபிசுக்குள்ள பேப்பரோட இருக்கினம். அதைத்தான் சொல்ல வந்தனான், கோவத்தில வேற மாதிரி வந்திட்டுது.

ஈஸ்ற்ஹாம் ரவி:
நடக்கிறதுக்கும் ஆள் வேணும் அம்மா. திரும்பவும் எண்ணிக்கைதான்.

பனங்காய்ப்பணியாரம்:
எண்ணிக்கை எண்டு சொல்லுறது லேசு. 2025 பட்ஜெட்டில ஓவர்டைம் கணக்கை மாத்தினதுக்குத் தாதியர் சங்கங்கள் தெருவில இறங்கினது ஞாபகம் இருக்கோ? ஆள் குறைவு, களைப்பு எண்டு சொல்லுறதும் இவைதான், ஓவர்டைம் குறைக்காதேங்கோ எண்டு கேக்கிறதும் இவைதான்.

நைட்டூட்டி:
அடிப்படைச் சம்பளத்தில வீட்டு லோன் கட்டி முடிச்சிட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்.

பனங்காய்ப்பணியாரம்:
அதைத்தானே நானும் சொல்லுறன், களைப்பிலதான் சம்பளம் ஓடுது எண்டால் களைப்பைக் குறைக்கிற ஆய்வுக்கு ஆர் ஒத்துழைப்பினம்? சரி விடுங்கோ. எனக்கு வேண்டியது ஒண்டு. கேள்விக்கொத்து வேண்டாம். ஒரு வார்ட்டில ஒரு கிழமை ஆள் நிண்டு, நேர்ஸ் என்ன செய்யிறா, துணைக்கு நிக்கிற ஆள் என்ன செய்யிறா, எத்தினை கேள்வி கேக்கினம், எத்தினைக்குப் பதில் வந்தது, மருந்து நேரம் எத்தினை தரம் குறுக்க வந்தினம் எண்டு குறிக்கவேணும். பிறகு சிஸ்டர் அம்மா சொன்ன மாதிரிப் பின்னேரக் கேள்வி நேரம் ஒண்டு வச்சிட்டு இன்னொரு கிழமை குறிக்கவேணும்.

சுன்னாகத்தான்:
குறிக்கிற ஆளைப் பாத்ததும் எல்லாரும் தேனாக் கதைப்பினம்.

பனங்காய்ப்பணியாரம்:
முதல் ரெண்டு நாள் கதைப்பினம். அதைக் கழிச்சிட்டு எண்ணலாம். வேலை கூடின நேரம் பக்கத்தில ஆர் நிக்கினம் எண்டதே மறந்துபோகும்.

நைட்டூட்டி:
எதிக்ஸ் கொமிட்டி, பணிப்பாளரின்ர கடிதம், மேற்றனின்ர ஓம், வார்ட் சிஸ்டரின்ர ஓம், நாலும் வேணும். முதல் மூண்டும் கிடைக்கும். நாலாவதுக்கு அன்ரி ஆரோடயாவது கதைப்பியளோ?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
எந்த வார்ட் எண்டு இன்பொக்சில போடு. அங்க இப்ப சிஸ்டரா இருக்கிறது என்னட்டப் பழகின பிள்ளையா எண்டு பாத்துச் சொல்லுறன்.

சுன்னாகத்தான்:
துணைக்கு நிக்கிற ஆக்களிட்டையும் ஓம் வாங்குங்கோ. அது உங்கட பட்டியலில இல்லை.