விமான நிலைய லவுஞ்சில் குழந்தைகளுக்கும் தனிக் கட்டணமா?

கேள்வி: பெரியவர்கள் இருவர், 1 வயதிலும் 4 வயதிலும் இரு குழந்தைகள். கையில் ஒரே ஒரு பிரயாரிட்டி பாஸ் (விமான நிலைய லவுஞ்சுகள் எனும் ஓய்வறைகளுக்குள் போக உதவும் உறுப்பினர் அட்டை). நான்கு பேரும் உள்ளே போக முடியுமா?

பதில் 1: போகலாம். ஆனால் குழந்தை விதியை வகுப்பது பிரயாரிட்டி பாஸ் அல்ல, அந்தந்த லவுஞ்ச். பெரும்பாலும் 2 வயதுக்குக் கீழ் இலவசம். 4 வயதுக் குழந்தையை ஒரு இடத்தில் இலவசமாக உள்ளே விடுவார்கள், இன்னொரு இடத்தில் முழு விருந்தினராக எண்ணுவார்கள். செயலியில் அந்த லவுஞ்சின் பக்கத்தைத் திறந்து, நிபந்தனைகள் பகுதியில் குழந்தை வயதையும் தங்கும் நேரத்தையும் பாருங்கள். பல இடங்களில் 3 மணி நேரம்தான். வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வையுங்கள். மடிக் குழந்தைக்கும் போர்டிங் பாஸ் இருந்தால் எடுத்துப் போங்கள்.

பதில் 2: மேலே சொன்னதோடு ஒன்று. வரவேற்பு மேசையில் கார்டைத் தேய்த்ததும், கையெழுத்துப் போடுமுன் விருந்தினர் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். விருந்தினர் கட்டணம் அங்கே கேட்கமாட்டார்கள், பிறகு கார்டு கணக்கில் ஏறும். கைக்குழந்தையையும் சேர்த்துப் பதிந்துவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. துணைவருக்குக் கூடுதல் கார்டு கிடைத்து, அதற்கும் லவுஞ்ச் உரிமை இருந்தால் வாங்கிவிடுங்கள். ஒரு விருந்தினர் குறைவார்.

பதில் 3: ஸ்டார் அலையன்ஸ் கோல்டு (ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் அடிக்கடி பறப்பவர்களுக்கான உயர்நிலை உறுப்புரிமை) இருந்தால் கணக்கே வேறு. உறுப்பினரோடு ஒரே ஒரு விருந்தினர்தான், 4 வயதுக் குழந்தை அந்த இடத்தைப் பிடித்துவிடும். கூட்ட நேரத்தில் கார்டுக்காரர்களைத் திருப்பி அனுப்புவதும் உண்டு, அதனால் குழந்தைக்கான பாலும் சாப்பாடும் பையில் இருக்கட்டும்.