டிராலி ஆய்வை வைத்து கான்ட் தவறு என்று சொல்லிவிட முடியுமா?

காட்பாடி வாசகர்:
வாசிப்பு வட்டத்தில் உளவியல் ஆய்வாளர் ஜோஷுவா கிரீனின் 2001 மூளை ஸ்கேன் ஆய்வு பற்றிப் பேச்சு வந்தது. தறிகெட்டு ஓடிவரும் டிராலி வண்டியிடமிருந்து தண்டவாளத்தில் இருக்கும் ஐந்து பேரைக் காப்பாற்ற, பாலத்தில் நிற்பவரைக் கீழே தள்ளி வண்டியை நிறுத்தலாமா என்று கேட்டால் உணர்ச்சி சார்ந்த மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்குகின்றன. ‘அப்போ, விளைவு எதுவானாலும் சிலவற்றைச் செய்யக் கூடாது என்று தத்துவவாதி கான்ட் சொன்ன கடமை வெறும் உணர்ச்சிதான், மொத்த நன்மை கூடுவதே அறம் என்னும் பயன்வாதமே சரி’ என்கிறார்கள் சிலர். இது செல்லுமா?

ஆற்காடு தத்துவம்:
செல்லாது சார். வாதத்தைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ‘இந்தத் தீர்ப்பு உணர்ச்சியிலிருந்து வருகிறது’ என்பது அறிவியல். ‘ஆகவே நம்பாதே’ என்பது முடிவு. ‘உணர்ச்சியிலிருந்து வருவது நம்பத்தக்கதல்ல’ என்ற நடுப்படியைக் காணோம். அதை எந்த ஸ்கேனும் காட்டாது. ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்குப் போகும் இந்தத் தாவலைத் தத்துவவாதி ஹியூம் 1740-லேயே சுட்டிக்காட்டிவிட்டார். தவிர, ‘துன்பம் கெட்டது’ என்று பயன்வாதி தொடங்குவதும் ஓர் உள்ளுணர்விலிருந்துதான்.

பாலாற்றங்கரை:
அதற்காக அறிவியலுக்கு வேலையே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். கிரீன் குழுவின் 2009 ஆய்வில், கையால் தள்ளலாம் என்றவர்கள் 31%. தூரத்திலிருந்து சுவிட்சை அழுத்தி விழவைக்கலாம் என்றவர்கள் 63%. சாவது ஒரே ஆள், பிழைப்பதும் அதே ஐவர். கை பட்டதா என்பது அறத்துக்குப் பொருட்டல்ல என்று ஒப்புக்கொள்பவருக்கு, தன் உள்ளுணர்வு எங்கே இடறுகிறது என்று இது காட்டிக்கொடுக்கிறது.

நம்ம பக்கத்தையே எடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிக் கழிவு பாலாற்றில் கலந்தபோது யாரும் யாரையும் கையால் தொடவில்லை. கிணறு கிணறாகத் தண்ணீர் கெட்டது. இப்படி மெதுவாக வரும் கெடுதலுக்கு மனம் சட்டென்று பதறாது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் பதற்றத்தை அளக்கவில்லை. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கில்லை என்று நிரூபிப்பதும் தொழில் நடத்துபவர் பொறுப்பு என்றது. அந்தப் பொறுப்பை அங்கே வைத்தது நியாயம் பற்றிய வாதம்.

திருவலம் ஆசிரியர்:
வட்டத்திலேயே சோதித்துப் பாருங்கள். சுவிட்ச் கேள்வியையும் (ஐவரைக் காக்க, ஒருவர் மட்டும் இருக்கும் வேறு தண்டவாளத்துக்கு வண்டியைத் திருப்பலாமா?) பாலக் கேள்வியையும் தாளில் கொடுங்கள், பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பி. கைதூக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குவார்கள். பாலம் முதலில் வந்தால் சுவிட்சுக்கும் ‘கூடாது’ என்ற பதில் கூடும். தத்துவம் படித்தவர்களும் இதற்குத் தப்பவில்லை என்று ஷ்விட்ஸ்கெபல், குஷ்மன் என்ற ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள்.

‘தள்ளலாம்’ என்றவரையெல்லாம் பயன்வாதி என்று எண்ணிவிட வேண்டாம். முன்பின் தெரியாதவர் நலனில் அக்கறை அவரிடம் கூடுதலாக இல்லை என்பது கஹானே என்ற ஆய்வாளரின் குழு 2015-ல் கண்டது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி சேருங்கள்: முகம் தெரியாத ஊருக்கு நிவாரணமாக எவ்வளவு கொடுப்பீர்கள்?