உதவி: சிவப்பு பிரேக் விளக்கு அணையவில்லை, காலையில் திம்பம் மலைப்பாதை ஏற வேண்டும்

கோபி நெல்வயல் | இரவு 8.12
காரில் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. காலையில் தாளவாடியில் தங்கைக்கு வளைகாப்பு. சீர்த் தட்டுகள், அம்மா, இரண்டு குழந்தைகள் எல்லாம் இந்தக் காரில்தான் போக வேண்டும். விளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டுப் போய் வரலாமா? அவசரம்.

பவானி ஜமக்காளம் | 8.19
எந்த வண்டி, எந்த வருடம்? விளக்கு சிவப்பா, மஞ்சளா? வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியா, ஏபிஎஸ் என்ற எழுத்தா?

பல்லடம் டீசல் | 8.21
ஹேண்ட்பிரேக் சுவிட்ச்தான், சந்தேகமே வேண்டாம். என் வண்டியிலும் இதே தொல்லை இருந்தது. லீவரை ஒருமுறை முழுவதும் தூக்கி, அழுத்திக் கீழே இறக்குங்கள்.

சென்னிமலைத் தறி | 8.26
பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிகிறதா? சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாவிட்டால் இரண்டும் ஒன்றாக எரியும்.

பழைய ஸ்பேனர் | 8.31
நாடியைக் காட்டாமல் மருந்து கேட்கிறார் ஒருவர், பார்க்காமலேயே மூன்று பேர் மருந்து எழுதுகிறீர்கள். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அதுகூடத் தெரியாதவர்கள் மலைப்பாதையில் வண்டி ஓட்டவே கூடாது. ஒயரைக் கழற்றுவேன் என்பவரிடம் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

கோபி நெல்வயல் | 8.47
மன்னிக்க வேண்டும் ஐயா. 2013 மாடல் சிறிய டீசல் கார், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சிவப்பு விளக்கு, ஆச்சரியக்குறி. பேட்டரி விளக்கு எரியவில்லை. ஹேண்ட்பிரேக்கை ஏற்றி இறக்கினேன், மாற்றம் இல்லை. முதலில் வளைவில் திரும்பும்போது மட்டும் மினுக்கியது, இன்று மாலையிலிருந்து அணையவே இல்லை. டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பும் இப்படித்தான் ஆனது, ஊற்றினேன், சரியாகிவிட்டது. கடை திறந்திருக்கிறது, மறுபடி ஊற்றிவிட்டால் போதுமா?

பவானி ஜமக்காளம் | 8.52
அப்படியென்றால் முன் சக்கரத்து பிரேக் பேட் தேய்ந்திருக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். பேட் மாற்றினால் தானாக ஏறிவிடும்.

பொள்ளாச்சி இளநீர் | 9.03
தம்பி, மூன்று வாரத்துக்கு முன்பு ஊற்றியதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பவானி அண்ணன் சொல்வது சரி, ஆனால் பேட் தேய்மானத்தால் மட்டம் இறங்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும். மூன்று வாரத்தில் இறங்காது. பிரேக் ஆயில் டீசலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் இருக்கும் பொருள் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. வளைவில் மினுக்கியதற்குக் காரணமும் அதுதான். மட்டம் குறைந்த டப்பாவில் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்தால், மட்டம் பார்க்கும் மிதவை கீழே தட்டி விளக்கை எரிய வைக்கும்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்பதை நம்பாதீர்கள். குழாய்க்குள் காற்று புகும்வரை மிதியில் வித்தியாசம் தெரியாமலே இருக்கலாம். புகுந்த பிறகு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் கால் உள்ளே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போதே டார்ச் எடுத்து நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் பாருங்கள். பின் சக்கரம் என்றால் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, புழுதி அப்பிய ஈரம் இருந்தால் ஒழுகுவது வீல் சிலிண்டர், அதாவது டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் சிறிய உருளை. அந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், கையை உடனே கழுவுங்கள்.

பல்லடம் டீசல் | 9.10
ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. திரும்பி வரும்போது நியூட்ரலில் மெதுவாக, விட்டு விட்டு மிதித்து இறங்கினால் போதும். டீசலும் மிச்சம்.

சென்னிமலைத் தறி | 9.13
நியூட்ரலில் இறங்கச் சொல்லாதீர்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது அப்படி இறங்கிய ஒரு வண்டி என் கண் முன்னால் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. நான்கு சக்கரத்திலும் புகை.

பல்லடம் டீசல் | 9.16
அவர் ஓட்டத் தெரியாதவர். நான் இருபது வருடமாக வால்பாறை போய் வருகிறேன்.

பழைய ஸ்பேனர் | 9.24
இருபது வருடமும் தவறாக ஓட்டியிருக்கிறீர்கள். இன்றைய எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தணிந்து ஓடுவதற்கு டீசல் செலவாகிறது. மிச்சம் என்ற கணக்கே தலைகீழ். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு 140 போதும். தொடர்ந்து மிதித்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் ஆவியானால் மிதி பஞ்சு மாதிரி இறங்கும். இரண்டாம் கியர் போடுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்.

பல்லடம் டீசல் | 9.27
என் வண்டி பழைய பம்ப் எஞ்சின். அதற்கு உங்கள் கணக்குப் பொருந்தாது.

பழைய ஸ்பேனர் | 9.30
பிரேக் சூட்டுக்கு எல்லா எஞ்சினும் ஒன்றுதான்.

பொள்ளாச்சி இளநீர் | 9.33
இந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கோபித் தம்பி, சக்கரத்தைப் பார்த்தீர்களா?

கோபி நெல்வயல் | 9.58
இடது பின் சக்கரம். டயரின் உள்பக்கம் கைநீளத்துக்கு ஈரம் வழிந்திருக்கிறது.

பொள்ளாச்சி இளநீர் | 10.01
ஆயில் ஊற்ற வேண்டாம், வண்டியை எடுக்கவும் வேண்டாம். சீர்த் தட்டுகளை பஸ்ஸில் ஏற்றுங்கள், அல்லது பக்கத்துத் தோட்டத்தில் வண்டி கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் சொல்லும்போது வீல் சிலிண்டரை ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே வயதுள்ள ரப்பர், வலது பக்கமும் அடுத்து ஒழுகும். ஆயில் நனைந்த பிரேக் ஷூவைக் கழுவிப் பயன்படுத்துவதும் வேண்டாம், அது பழைய பிடிப்புக்கு வராது.

கோபி நெல்வயல் | மூன்று நாள் கழித்து, மாலை 6.40
சத்தியமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தோம். பெரியப்பா மகன் ஜீப்பில் தட்டுகளைக் கொண்டு வந்துவிட்டார். இன்று இரண்டு பின் வீல் சிலிண்டர், ஷூ நான்கும் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க வடித்து, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தார்கள். வடித்த ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. இடது டிரம்மைக் கழற்றியபோது ஷூ ஊறிப்போய் இருந்தது, மெக்கானிக் அதை அம்மாவிடம் காட்டினார். விளக்கு அணைந்துவிட்டது. பொள்ளாச்சி அண்ணனுக்கு நன்றி.

பவானி ஜமக்காளம் | 6.55
மகிழ்ச்சி. முன் பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பார்த்தார்களா?