ஆபரேஷன் மேஜையிலேயே கதிர்வீச்சு: அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளலாமா?

தேவகோட்டைப் பெண்:
அம்மாவுக்கு 62 வயது. இடது மார்பில் ஒன்றரை செ.மீ. கட்டி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கப் போகிறார்கள். அந்த நேரத்திலேயே ஒரே தடவையாகக் கதிர்வீச்சும் கொடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். இல்லையென்றால் மூன்று வாரம் சென்னையில் தங்க வேண்டும். அப்பா படுக்கையில் இருக்கிறார், அம்மா கையால்தான் சாப்பிடுவார். ஒரு தடவை போதுமா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

லண்டன் அக்கா:
தங்கச்சி, 2011இல் எனக்குச் செய்தார்கள். கட்டியை எடுத்த குழிக்குள், கம்பி முனையில் இருக்கும் ஓர் உருண்டையை வைப்பார்கள். எனக்கு வைத்தது எலுமிச்சம்பழம் அளவு. சுருக்குப்பை வாயை இழுப்பதுபோல் தையல் போட்டு, சுற்றியுள்ள சதையை அதோடு ஒட்ட வைப்பார்கள். 20 முதல் 50 நிமிடம். தொடும் இடத்தில் 20 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஒரு செ.மீ. தள்ளினால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மயக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீர் கோத்தது, ஊசியால் எடுத்தார்கள்.

ஆனால் “எல்லாம் முடிந்தது” என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடாதே. நான் ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து ரிப்போர்ட் வந்தது: அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவிலும் நோய். வழமையான கதிர்வீச்சுக்கும் 15 நாள் போனேன். ஆபரேஷனைவிட அந்தச் செய்திதான் என்னை அழவைத்தது. இந்த முறையைச் சோதித்த டார்கிட் ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி வழமையான கதிர்வீச்சும் தேவைப்பட்டது.

ஓய்வுபெற்ற ரேடியோதெரபி டெக்னீஷியன்:
எந்த மெஷின் என்று கேளுங்கள் அம்மா. அக்கா சொல்வது எக்ஸ்ரே உருண்டை. லண்டனில் தொடங்கிய டார்கிட் ஆய்வில் ஐந்து ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியது 2.11 சதவீதம், வழக்கமான முறையில் 0.95. மிலான் நகரில் எலெக்ட்ரான் கதிர் கொடுத்த எலியட் ஆய்வில் 4.4, வழக்கமான முறையில் 0.4. உயிர் பிழைப்பதில் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம், ஐந்தே நாளில் 26 கிரே கொடுக்கும் முறையும் உண்டு. 2020இல் முடிவு வந்த பிரிட்டன் ஆய்வில் மூன்று வாரத்துக்கு அது குறைவில்லை. அம்மாவுக்கு ஒத்துவருமா என்று அவசியம் கேளுங்கள்.

தேவகோட்டைப் பெண்:
ஐந்து நாள் என்று யாருமே சொல்லவில்லை ஐயா. ஐந்து நாள் என்றால் சித்தி வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். திங்கட்கிழமை டாக்டரிடம் இரண்டையும் கேட்கிறேன். அக்கா, அம்மாவிடம் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.