போல் வால்ட் (கோலூன்றிப் பாய்தல்) நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? மறக்க முடியாத அனுபவத்த எழுதுங்க

லாக்கூர்நெவ்_வாசன்

2024 ஆகஸ்ட் 5 இரவு பாரிஸ் ஒலிம்பிக் நடந்த ஸ்டாட் டு பிரான்ஸ் ஸ்டேடியத்தில இருந்தனான். சுவீடன் வீரன் டுப்லான்டிஸ் 6.25 மீட்டர் பாஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும், வீடியோ வேணுமெண்ட அளவுக்குக் கிடக்கு, நான் அதை எழுத வரேல்ல. மனசுக்குள்ள கிடந்து உழத்துறது பக்கத்துக் கதிரையில இருந்த ஒரு கிழவர்.

அமெரிக்கன் கென்ட்ரிக்ஸ் 5.95ஓட வெள்ளி, கிரீஸ் பெடியன் கராலிஸ் 5.90 வெண்கலம், எல்லாம் முடிஞ்சு டுப்லான்டிஸ் தனிய நிண்டு 6.10ஐ முதல் தரமே தாண்டி ஒலிம்பிக் ரெக்கோர்டும் வச்சிட்டான், பிறகு துப்பாக்கிச் சுடுற துருக்கிக்காரர் மாதிரி ஒரு கையைப் பொக்கற்றுக்குள்ள விட்டு போஸ் வேற குடுத்தான். அடுத்தது நேர 6.25. பெண்கள் 800 மீட்டர், 5000 மீட்டர் எல்லாம் முடிஞ்சுது, கென்யா ஓட்டக்காரி கிப்யேகனை டிஸ்குவாலிஃபை பண்ணிப்போட்டாங்கள் எண்டு பின்னுக்கு இருந்த சனம் போனைப் பாத்துக் கத்துது, எண்டாலும் ஒருத்தரும் எழும்பேல்ல. முதல் ரெண்டு தரமும் பார் விழுந்திட்டுது.

மூண்டாவதுக்கு அந்த மனுசன், மஞ்சள் ரீசேர்ட் போட்ட சுவீடன்காரர், எண்பது வயசாவது இருக்கும், ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிண்டிட்டார். என்ர முகத்தைப் பாத்தபடி. நீ அங்க பார், நான் உன்னைப் பாக்கிறன் எண்டு விரலால காட்டினார், எனக்கு சுவீடிஷ் தெரியாது, அவருக்குப் பிரெஞ்சு வராது. தனிய நிக்கிறவனுக்கு நேரம் கூடக் குடுப்பாங்கள்தானே, அவ்வளவு நேரமும் கண்ணெடுக்காமல் என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறார், எனக்குக் கண்ணைச் சிமிட்டவும் பயம். அவன் ஓடுறான், கோல் வளையுது, மேல போறான், நான் என்ன மூஞ்சை வச்சிருந்தனோ கடவுளுக்குத்தான் வெளிச்சம், நான் வாயைத் திறக்க முதலே கிழவர் அழத் தொடங்கிட்டார். ஸ்டேடியமே குலுங்குது, மனுசன் திரும்பியும் பாக்கேல்ல. பேர்கூடக் கேக்கேல்ல நான்.

நேர பாத்த ஆக்கள் எழுதுங்கோ.

தோஹா_ஏசி_மெக்கானிக்

அண்ணே கதை சூப்பர், ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன் கோவிச்சுக்காதீங்க, பாரிஸ்ல போட்டின்னு ஒண்ணு நடக்கவேயில்ல. ரெண்டாவது வந்தவர் 5.95, இவன் 6.25, நடுவுல ஒரு அடி கேப்பு. அது ஷோ. போட்டின்னா 2019 தோஹா வேர்ல்டு சாம்பியன்ஷிப்தான்.

அக்டோபர் ஒண்ணாந்தேதி, வெளிய வேர்த்து ஊத்துது, கலீஃபா ஸ்டேடியத்துக்குள்ள போனா சில்லுனு இருக்கு, உண்மைய சொன்னா நான் போனதே அவ்ளோ பெரிய தொறந்த ஸ்டேடியத்துக்கு ஏசி எப்படி ஓட்டுறானுங்கன்னு பாக்கத்தான், காத்து வர்ற ஓட்டையத் தேடிட்டு இருந்தவன் தலய நிமிந்தா இங்க அனல் பறக்குது. கென்ட்ரிக்ஸும் டுப்லான்டிஸும் ரெண்டு பேருமே 5.97 தாண்டிட்டாங்க. டுப்லான்டிஸுக்கு அப்ப 19 வயசு. 6.02 ரெண்டு பேருக்கும் மாட்டல. சமமா முடிஞ்சா யாரு கம்மியா தப்பு விட்டாங்கன்னு கவுண்ட்பேக் பாப்பாங்கல்ல, அதுல கென்ட்ரிக்ஸுக்கு கோல்டு. போலந்துக்காரர் லிசெக் 5.87ல வெண்கலம்.

இதுல எனக்கு இன்னைக்கும் புரியாத விஷயம் என்னன்னா, முடிஞ்சதும் மூணு பேரும் அந்த விழுற மெத்தை மேல ஏறி வரிசையா நின்னு ஒண்ணா பின்னாடி பல்ட்டி அடிச்சானுங்க. ஒரே அளவு தாண்டியும் கோல்ட விட்டவன் பல்லக் காட்டிட்டு அடிக்கிறான்யா. நான்லாம் ரூம்ல கேரம் போர்டுல தோத்தாலே ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருப்பேன்.

சாந்தோஸ்_கப்பல்காரன்

எல்லாரும் பல்ட்டி அடிப்பாங்கன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. 2016 ரியோ பாத்தீங்களா? நாங்க அப்ப பிரேசில்ல சாந்தோஸ் துறைமுகத்துல நின்னோம், நான் பாத்தது ஸ்டேடியத்துல இல்ல, துறைமுகத்து வெளிய ஒரு சின்ன டீக்கடை மாதிரி எடத்துல. மழை வேற, போட்டி லேட்டு. பிரான்ஸ் லவிலெனி 5.98 தாண்டி முன்னாடி நிக்கிறாரு, உள்ளூர் பையன் தியாகோ பிராஸ் 5.98ஐ வேணாம்னு விட்டுட்டு நேரா 6.03 வைக்கச் சொல்லிட்டான், அதுவரைக்கும் ஆறு மீட்டரே தாண்டினதில்ல, ரெண்டாவது அட்டெம்ப்ட்ல போயிட்டான். கடையில டேபிள் மேல ஏறி ஆடுறாங்க. லவிலெனி ஓட வர்றப்பல்லாம் ஸ்டேடியமே ஊளையிடுது, கடையிலயும் ஊளை. அவரு கடுப்புல தன்ன 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல, ஹிட்லர் காலத்துல ஓடின கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸோட ஒப்பிட்டுப் பேசி வாங்கிக் கட்டிக்கிட்டு மன்னிப்பும் கேட்டாரு.

அது கூடப் பரவால்ல. மறுநாள் மெடல் குடுக்கும்போதும் ஊளை விட்டாங்க, மனுஷன் மேடையிலேயே அழுதாரு. முந்தின நாள் டேபிள் மேல ஆடின அதே கடைக்காரர் எந்திரிச்சு டிவி சத்தத்தக் கொறச்சுட்டு யாரப் பாத்தும் ஒண்ணும் சொல்லாம கிளாஸ் கழுவப் போயிட்டாரு. எங்க போஸன் (கப்பல்ல டெக் மேஸ்திரி) மட்டும் சத்தத்த வைய்யுன்னு கத்திட்டே இருந்தாரு.

தோஹா_ஏசி_மெக்கானிக்

சொந்த ஊரு கிரவுடு அப்படித்தான் இருக்கும், சேப்பாக்கத்துல பாத்ததில்லயா?

சாந்தோஸ்_கப்பல்காரன்

சேப்பாக்கத்துலதான் 1999ல பாகிஸ்தான் ஜெயிச்சப்ப எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. ஆள மாத்திச் சொல்றீங்க.

மீனு_பாரிஸ்

ஷோன்னு ஒரு வார்த்தைல முடிச்சிட்டீங்கல்ல, அதே ஒலிம்பிக்ஸ் குவாலிஃபிகேஷனுக்கு வந்திருக்கணும் நீங்க. ஆகஸ்ட் 3 காலைல. டிக்கெட் கொஞ்சம் சீப்பா கெடச்சுதுன்னுதான் போனோம் நானும் ரூம்மேட்டும். நான் சொல்லப் போறது யாருன்னு உங்களுக்கே தெரியும், உங்க எல்லார் போன்லயும் அந்த வீடியோ வந்திருக்கும்.

அமிராட்டி, 21 வயசு, 2022ல கொலம்பியாவுல நடந்த ஜூனியர் வேர்ல்டு சாம்பியன்ஷிப்ல கோல்டு அடிச்ச பையன், சொந்த நாட்டு ஒலிம்பிக்ஸ், 5.70 கடைசி அட்டெம்ப்ட். அவன் ரன்வேல நின்னு போலைத் தூக்கினதும் மொத்த ஸ்டேடியமும் தாளத்துக்கு கை தட்டுது, எங்களுக்கு முன்னாடி வரிசைல ஒரு அம்மா ரெண்டு கன்னத்துலயும் கொடி வரஞ்சுட்டு வந்திருந்தாங்க. மேல போனான், உயரம் பத்துச்சு, எறங்கும்போது முதல்ல கால் தட்டுச்சு, முழங்கால் பக்கம், பார் அப்பவே ஆட ஆரம்பிச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் அந்தரங்க இடம் பார்ல பட்டது, நீங்க எல்லாரும் ஃபார்வர்ட் பண்ணினது. அந்தம்மா கை தட்டின கை அப்படியே நின்னுடுச்சு, பக்கத்துல இருந்த பையன்கிட்ட ஏதோ கேட்டாங்க, அவன் தலைய மட்டும் ஆட்டினான்.

ரூமுக்கு வந்து போன எடுத்தா ஃபேமிலி குரூப்ல சித்தப்பா அதே வீடியோ போட்டு வரிசையா சிரிப்பு எமோஜி. எனக்கு ரொம்ப எரிச்சலாயிடுச்சு, நான் அங்கதான் இருந்தேன் சித்தப்பான்னு டைப் பண்ணினேன், அதுக்கும் சிரிப்பு எமோஜி போட்டாரு.

மதுர_வேலு

சிஸ்டர் என்ன இருந்தாலும் பார் விழுந்தது அதுலதான 😂

மீனு_பாரிஸ்

ஸ்லோ மோஷன்ல பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம். இப்ப எழுதினதத்தான் எங்க சித்தப்பாவும் எழுதினாரு.

பிடி_வாத்தியார்_ஓய்வு

2010 டெல்லி காமன்வெல்த்தில் போல் பிடிக்கிற வேலை நமக்கு. ஸ்டீவ் ஹூக்கர் 5.60 தாண்டி ஜெயிச்சாரு. தாண்டினவன் கைய விட்டதும் போல் தனியா நிக்கும் பாருங்க ஒரு செகண்டு, அது பாருக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சா நாம பிடிக்கலாம், பார் பக்கம் சாஞ்சா தொடவே கூடாது, பிடிச்சுக் காப்பாத்திட்டா அவன் தாண்டினதே செல்லாது. ஒருத்தர் போல் பார் பக்கமாத்தான் சாஞ்சுது, நான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி இறுக்கிக் கோத்துக்கிட்டு நின்னேன், பாரை உரசிட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. அந்த விரல் வலி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனா இதைப் படிக்கிறவங்க பசங்கள இதுல சேத்து விடணும்னு நினைப்பீங்க, அதனால சொல்றேன். எடுத்ததும் போலை வாங்கித் தராதீங்க. முதல்ல கயிறு ஏறட்டும், தலைகீழா தொங்கட்டும், ஓடட்டும், இதுல பாதி ஓட்டம்தான். ஒவ்வொரு போல்லயும் நீளமும் எத்தனை கிலோ ஆளுக்குன்னும் எழுதியிருக்கும், பையன் அந்த எடைக்கு மேல இருந்தா அத தொடவே விடாதீங்க, நடுவுல ஒடஞ்சா கையக் கிழிச்சிரும். மேட் இல்லாத எடத்துல தாண்டவே கூடாது. நாங்கல்லாம் மூங்கில வச்சு மணல்ல விழுந்தவங்கதான், அத வீரம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம், எங்க செட்டுல முக்காவாசிப் பேருக்கு இன்னைக்கு முட்டி வலி. டுப்லான்டிஸ் அப்பாவே 5.80 தாண்டின ஆளு, லூசியானாவுல வீட்டுக் கொல்லையிலேயே பிட் (தாண்டி விழுற எடம்) போட்டு விட்டாரு, மூணு நாலு வயசுலேயே தாண்ட ஆரம்பிச்சவன் அவன். நமக்கு அது எங்க? அப்படியும் நம்ம தமிழ்நாட்டுப் பையன் சிவா 2022 நேஷனல் கேம்ஸ்ல 5.31 தாண்டி நேஷனல் ரெக்கார்டு போட்டான், அப்புறம் மத்தியப் பிரதேசம் தேவ் மீனா அத முறியடிச்சான். இன்னொண்ணு, அஞ்சு மீட்டர் நீள சாமானை ட்ரெயின்லயும் பஸ்லயும் ஏத்துறதுதான் உண்மையான போட்டி, ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே அதுக்கு ஏற்பாடு பண்ணிக்கோங்க. சாப்பாட்டு விஷயம் தனியா எழுதணும், நாளைக்கு எழுதறேன்.

மதுர_வேலு

சார் இங்க யாரும் பசங்கள சேக்கணும்னு கேக்கலயே

பிடி_வாத்தியார்_ஓய்வு

கேட்டதுக்கப்புறம் சொன்னா லேட் ஆயிடும் தம்பி.

நிஷி_கசாய்_அப்பா

டோக்கியோ 2025 வேர்ல்டு சாம்பியன்ஷிப் யாரும் எழுதலயா? செப்டம்பர் 15, இங்க முதியோர் தின லீவு, பையன தோள்ல தூக்கிட்டுப் போனேன். கராலிஸ் 6.00 வெள்ளி, மார்ஷல் 5.95 வெண்கலம், அதுக்கப்புறம் டுப்லான்டிஸ் 6.30 வைக்கச் சொல்லி ரெண்டு தடவ விட்டுட்டாரு. மத்த போட்டியெல்லாம் முடிஞ்சு போச்சு, ஜப்பான்காரங்க ஒருத்தர் நகரல. மூணாவது போகும்போது பார்ல லேசா பட்டுது, பார் ஆடுது, ஆடுது, இவரு கீழ மேட்ல கெடந்து மேல பாக்குறாரு, நான் பையனோட ரெண்டு காலையும் எவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருந்தேன்னா அவன் வலிக்குதுப்பான்னு கத்துறான். பார் நின்னுடுச்சு. மறுநாள் காலைல கால்ல என் விரல் தடம் இருக்கு, வீட்ல ஒரு வாரம் எனக்கு அர்ச்சனை.

ஏசி தம்பி, இதுவும் ஷோதானா?

தோஹா_ஏசி_மெக்கானிக்

ரெண்டாவது வந்தவரு 6.00ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கேப்பு கொறையவே இல்லயே அண்ணே.

லாக்கூர்நெவ்_வாசன்

தம்பி, உமக்கு 2027 பெய்ஜிங் வேர்ல்டு சாம்பியன்ஷிப்புக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாலும் ஏசியைத்தான் பாப்பீர். அதுசரி, பெய்ஜிங்குக்குப் போற ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ? கோலூன்றிப் பாய்தல் நடக்கிற பக்கம் எது எண்டு பாத்து டிக்கெட் எடுக்கவேணும், ஓடுபாதைக்குப் பின்னால இருந்தா முதுகுதான் தெரியும், பாருக்கு நேர பக்கவாட்டில இருந்தாத்தான் எவ்வளவு இடைவெளியில தாண்டுறான் எண்டு தெரியும்.

பிடி_வாத்தியார்_ஓய்வு

பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. எந்த சைஸ்னு சொல்றேன்.